ஐந்து காசு லாடம்

1963 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். தூறல் விட்டிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டி, பூட்டை வழக்கம்போல் மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். எதிரே பொதிக்குதிரைக்காரர் தலை நிமிராமல் மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன தேடுறீங்க?” என்றேன்.

“ஆணி சார். முன்னங்கால் லாடத்துல ஒண்ணு கழண்டு விழுந்துருச்சு. காலையில இந்தப் பக்கந்தான் வந்தோம். இங்கனதான் எங்கிட்டாச்சும் கெடக்கணும்.”

நானும் அவருடன் சேர்ந்து குனிந்து தேடினேன். ஓடையோரம் பார்த்தோம், கோயில் முன்னால் பார்த்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று அவர் நின்றார். சேற்றில் பதிந்திருந்த என் கால் தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். இடது கால் தடத்தில் மட்டும், பெருவிரலுக்குக் கீழே, ஒரு சின்னக் குழி. ஒரு தடத்தில் இல்லை, எல்லா இடது தடங்களிலும்.

“சார், அசையாதீங்க. என் ஆணி உங்க கால்ல இருக்கு.”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். என்னைப் படியில் உட்காரவைத்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்று, என் இடது காலைத் தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். லாடம் அடிக்கக் குதிரையின் காலை அப்படித்தான் பிடிப்பார்கள். ஒரே இழுப்பு. ஆணியைத் துண்டில் துடைத்து, கண்ணருகே கொண்டுபோய், வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மடியில் செருகிக்கொண்டார்.

“குதிரையா இருந்தாக்கூட இந்நேரம் ஒரு ஒதை விட்டிருக்கும் சார். உங்களுக்கு வலிக்கலையா?”

வலிக்கவில்லை. அதுதான் விஷயம். அந்தக் குதிரை காலையில் எட்டேகால் மணிக்குப் போனது. அதற்குப் பிறகு நான் ஆறு பாடம் நடத்தி, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி, ஒரு மணி நேரம் நின்றபடியே பின்னக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு அங்குல ஆணி என் காலுக்குள் இருந்து பாடம் கேட்டிருக்கிறது.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட்டக்கானலுக்குக் கீழே, கோடைக்கானலிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதையில் அது இருந்தது. ரோடு கிடையாது. காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் குதிரை முதுகில்தான் மேலே போகும். ஒரே தெரு. அந்தத் தெருவில் பெரிதும் சிறிதுமாக இருபத்து மூன்று கோயில்கள். ஆகவே ஊர் எல்லைக்குள் எவரும் செருப்புப் போடக் கூடாது. எல்லையில் ஒரு நாவல் மரம், அதன் கீழ் ஒரு கல். செருப்புகள் மரத்தடியில் கிடக்கும், மனிதர்கள் உள்ளே போவார்கள். நான் 1959 ஜூன் மாதம் ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது கழற்றிய செருப்பு, மழையில் ஊறி, வெயிலில் முறுகி, நாய் பாதியைத் தின்று, மீதி அங்கேயே கிடந்தது.

எல்லைக் கல்லில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்குள் நுழையும் குதிரைக்குக் கோயில் காசு, குதிரைக்காரர் கையால் உண்டியலுக்குப் போகும். பாரத்தோடு வந்தால் பத்து நயா பைசா, வெறுமனே வந்தால் ஐந்து. வெளியே போவதற்கு ஒன்றும் இல்லை.

ஆணி குத்திய இடம் பத்து நாளில் வீங்கி, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் நாற்றமெடுத்தது. வலி இல்லாததால் நான் அதை ஒரு நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். படித்தவன் செய்யக்கூடிய தவறு அது. என் கெண்டைக்காலில் இரண்டு வருடமாக ஒரு வெளிறிய தேமல் இருந்தது. அதற்குக் களிம்பு தடவிக்கொண்டு, அதையும் தொந்தரவு தராத நல்ல தேமல் என்றே எண்ணியிருந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு என் மனைவிதான் சொன்னாள்: “வலிக்கலன்னா வலிக்கலன்னா நாத்தம் மட்டும் எங்கிருந்து வருது? நாளைக்கு வெள்ளனே கெளம்புங்க.”

கோடைக்கானலில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு அறை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே சமவெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார். அந்த அறைக்குப் பக்கவாட்டில் ஒரு வாசல் உண்டு, எல்லாரும் அதன் வழியாகவே போவார்கள். போகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். டாக்டர் இளைஞர், சுறுசுறுப்பானவர். என்னை ஒரு பெஞ்சில் படுக்கச் சொன்னார்.

“கண்ணை மூடிக்குங்க மாஸ்டர். நான் உள்ளங்கால்ல தொடுவேன். ஒவ்வொரு டச்சையும் எண்ணிட்டே வாங்க.”

எண்ணுவது எனக்குக் கைவந்த வேலை. என் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. ஆறு வயதிலேயே சூடத்தையும் தேங்காயையும் ஒன்று விடாமல் எண்ணி அடுக்கியவன் நான். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக எண்ணி, “பத்தொன்பது” என்றேன்.

“நான் தொட்டது முப்பத்தொன்னு” என்றார் டாக்டர்.

வாழ்க்கையில் நான் தவறவிட்ட முதல் கணக்கு அதுதான். பன்னிரண்டு முறை ஒருவர் என்னைத் தொட்டிருக்கிறார், நான் அங்கே இல்லை.

பிறகு அவர் தேமலைப் பார்த்தார், கணுக்காலுக்குப் பின்னால் நரம்பைத் தடவினார், நோயின் பெயரைச் சொன்னார். என் காலத்தில் அதைப் பெருவியாதி என்போம். இப்போது தொழுநோய் என்று மரியாதையாக எழுதுகிறார்கள். இது ஒட்டும் வகை இல்லை என்றும், மாத்திரை விடாமல் சாப்பிட்டால் நோய் அடங்கிவிடும் என்றும், ஆனால் செத்த நரம்பு திரும்பாது என்றும் சொன்னார். இந்த மூன்றையும் அவர் ஒரே மூச்சில், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

“நோய் உங்க காலை எடுக்காது மாஸ்டர். நடைதான் எடுக்கும். வலி இருந்தா மனுஷன் நொண்டுவான், நொண்டினா புண்ணு ஆறும். உங்களுக்கு வலி இல்லை. புண்ணு மேலயே ஏறி நடப்பீங்க. இந்தத் தடவை ஆத்திடலாம். இன்னொரு தடவை வந்தா எலும்புக்குப் போயிடும். அப்புறம் நான் இல்லை, சர்ஜன்தான்.”

“சர்ஜன் எதுவரைக்கும் எடுப்பார்?”

அவர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து என் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே ஒரு கோடு போட்டார். குளித்த பிறகும் அந்தக் கோடு இரண்டு நாள் இருந்தது.

காலுக்கு மாக்கட்டு போட்டார். அடியில் ஒரு டயர் துண்டு வைத்து, நடக்கும்படியான கட்டு. அந்த மாக்கட்டோடு குதிரைமேல் ஏறி ஊர் திரும்பினேன். எல்லைக் கல்லில் குதிரைக்காரர் என் பக்கம் கையை நீட்டினார்.

“பாரக்காசு சார். பத்து நயா பைசா.”

“குதிரை உங்களுடையதுதானே?”

“குதிரை என்னுதுதான். பாரம் நீங்கதான?”

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தாள். பிறகு, “மாத்திரை எத்தனை வருசத்துக்கு?” என்றாள். தெரியாது என்றேன். “அப்ப மறக்காமத் திங்கணும். குழம்பு ஊத்தவா?” என்றாள். அவ்வளவுதான். ஊரார் அவ்வளவோடு விடமாட்டார்கள் என்று நான் பயந்தேன். ஊருக்குத் தெரிந்தால் இலாகாவுக்குத் தெரியும், இலாகாவுக்குத் தெரிந்தால் வேலை போகும். பெருவியாதிக்காரனை வாத்தியாராக வைத்துக்கொள்ள எந்த ஊர் சம்மதிக்கும்? ஆறு வாரமும் இந்தக் கவலையோடு ஒரு பதிலைத் தயார் செய்து, தினமும் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் புண் ஆறியது. மாக்கட்டை வெட்டி எடுத்த டாக்டர், ஒரு ஜோடிச் செருப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

“இதுதான் மாஸ்டர் எங்க ரிசர்ச். இந்த ரப்பரை அமுக்கிப் பாருங்க. உள்ள முழுக்கக் குமிழி. ஆனா ஒரு குமிழிக்கும் இன்னொன்னுக்கும் வழி கிடையாது, தண்ணி ஏறாது. ரொம்ப மெத்துன்னு இருந்தா ஒரே மாசத்துல படுத்துடும், கெட்டியா இருந்தா புண்ணு. நடுவுல ஒரு பதம் இருக்கு. அந்தப் பதம் சமவெளியில நிக்குது. மலைப்பாதையில எத்தனை நாள் நிக்கும்னு எங்களுக்குத் தெரியணும்.”

அடியில் டயர். மேலே அந்த ரப்பர். இரண்டுக்கும் நடுவே ஒட்டும் தையலும்தான், ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆணி குத்தினாலும் தெரியாத காலுக்கு ஆணி வைத்த செருப்பா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு கட்டளைகள் இட்டார். ஒன்று, இனி வெறுங்காலைத் தரையில் வைக்கவே கூடாது, வீட்டுக்குள்கூட. இரண்டு, தினமும் மாலையில் கழற்றி, காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். “வலி பாத்த வேலையை இனிமே கண்ணு பாக்கணும்.”

“எங்கள் ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது” என்றேன்.

“அதெல்லாம் எக்ஸ்பிளெயின் பண்ணினா புரிஞ்சுப்பாங்க மாஸ்டர். சயின்ஸ்தானே?” என்றார்.

மூன்றரை மணி நேரம் இறங்கி நாவல் மரத்தடிக்கு வந்தேன். நின்றேன். முன்னால் ஊர், முழங்காலுக்குக் கீழே பென்சில் கோடு. அழிந்துபோன கோடுதான், ஆனால் எனக்குத் தெரிந்தது. எல்லைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். செய்தி போய், இருட்டுவதற்குள் பெரியதனக்காரரும், அதாவது ஊர்த்தலைவரும், நாற்பது பேரும் மரத்தடிக்கே வந்துவிட்டார்கள். நான் எல்லைக்கு வெளியே, அவர்கள் உள்ளே.

நோயின் பெயரைச் சொன்னேன். தயார் செய்த பதிலைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “எங்க பிள்ளைகளுக்கு ஒட்டுமா சார்?”

“இது ஒட்டாத வகை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.”

“அப்பச் சரி” என்றாள் அவள்.

ஆறு வாரம் நான் உருப்போட்ட பேச்சில் பதினான்கு வாக்கியங்கள் இருந்தன. ஒன்றுதான் செலவானது. மிச்சத்தைக் கேட்க ஆளில்லை. பெரியதனக்காரர் என் காலைக் காட்டினார்.

“நோவை விடுங்க சார். அது உங்களைக் கேட்டா வந்துச்சு? தானா வருது. செருப்பு தானாவா வரும்? நீங்கதான போட்டுக்கிட்டு வர்றீங்க. வெள்ளைக்காரத் துரையே பூட்ஸை இந்த மரத்தடியில கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வந்தான்.”

நான் விஞ்ஞானத்தை விளக்கினேன். ரப்பரை அமுக்கிக் காட்டினேன். அது கை கையாகப் போய், நாற்பது பேரும் ஆளுக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். தோல் இல்லையே, ரப்பர்தானே என்று வாதாடினேன். எதில் செய்தால் என்ன, செருப்பு செருப்புதான் என்றார்கள்.

“மாக்கட்டோடு ஆறு வாரம் இந்தத் தெருவில்தானே நடந்தேன்? அதன் அடியிலும் டயர் இருந்ததே?”

“அது கட்டு சார். காலோட காலா கெடந்துச்சு. வீட்டுக்குப் போயி கழட்டி மூலையில வச்சீங்களா? இல்லேல்ல?”

இருட்டிவிட்டது. யாரோ அரிக்கேன் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில் குதிரைக்காரர் மேலேயிருந்து வந்து சேர்ந்தார். “ஏலே, நில்லுலே” என்று குதிரையை அதட்டி நிறுத்தினார். வழக்கை நின்றபடியே கேட்டார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

“அப்ப என் குதிரை?”

“குதிரைக்கு என்ன?” என்றார் பெரியதனக்காரர்.

“அது எல்லைக்குள்ள இரும்போடதான நடக்குது?”

“அது லாடம்ப்பா. கால்லயே இருக்குறது. கழட்டிக் கழட்டிப் போடுற சாமானா அது?”

“அப்ப வாத்தியாரும் கழட்டாம இருந்தா?”

பெரியதனக்காரர் தாடையைச் சொறிந்தார். கூட்டத்தில் ஒருவன், “லாடம்னா ஆணி அடிக்கணும்ல?” என்றான். “அடிச்சா என்னலே, அவருக்குத்தான் வலிக்காதே!” என்றான் இன்னொருவன். நாற்பது பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவளும் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆணி கூடவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு என்றேன். ஆணிக்குப் பதிலாக முடிச்சு என்று முடிவாயிற்று. தீர்ப்பு இப்படி: எல்லைக் கல்லுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். வாரின் மேல் குதிரைக்காரர் சணலால் முடிச்சுப் போடுவார். எல்லைக்குள் அந்த முடிச்சு அவிழக் கூடாது. “கழட்டுனா செருப்பு, கழட்டாட்டி லாடம். அம்புட்டுத்தான்.”

எல்லாரும் எழுந்திருக்கும்போது குதிரைக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். என் காலைக் காப்பாற்றியவர் அவர்தான் என்பதால் அவரை நான் குறை சொல்லவில்லை.

“லாடம்னு ஆயிப்போச்சுன்னா எல்லைக்காசும் உண்டுல்ல? நான் மட்டும் எத்தனை வருசமா கட்டுறேன்?”

நியாயம்தான் என்றார்கள். ஐந்து நயா பைசா கொடுத்துவிட்டு உள்ளே போனேன். 1963 அக்டோபர் 5, சனிக்கிழமை, இரவு எட்டு மணி ஐந்து நிமிடம்.

அன்று இரவு செருப்போடு படுத்தேன். வேறு வழியில்லை, வீடும் எல்லைக்குள்தான் இருந்தது. என் மனைவி பாயின் மறு ஓரத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொன்னாள்: “பழனியில எங்க அய்யா என்னை மனுசனுக்குத்தான் கட்டிக் குடுத்தாரு.” சிறிது நேரம் கழித்து, “ஒதைக்காமப் படுங்க” என்றாள்.

ஆனால் டாக்டரின் இரண்டாவது கட்டளை இருந்தது. தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லைக்குள் கழற்றினால் ஊர்க் குற்றம், கழற்றாவிட்டால் சர்ஜன். ஆகவே தினமும் மாலை பள்ளி முடிந்ததும் எல்லைக்கு வெளியே நடந்தேன். நாவல் மரத்துக்கு அப்பால் ஓடை. முடிச்சை அவிழ்த்து, காலை ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒரு சின்னக் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்த்து, விரல்களை எண்ணி, மறுபடி மாட்டிக்கொண்டு, குதிரைக்காரருக்காகக் காத்திருப்பேன். அவர் மேலேயிருந்து வந்து முடிச்சுப் போடுவார். கல்லில் ஐந்து காசு. வெளியே போக ஒன்றுமில்லை, உள்ளே வர ஐந்து. இடையில் அரசாங்கம் நயா பைசாவிலிருந்து ‘நயா’வை எடுத்துவிட்டது. ஐந்து அப்படியே இருந்தது.

பாரம் எது என்பதில்தான் தகராறு. ஒருநாள் கக்கத்தில் குடையோடு வந்தேன். குதிரைக்காரர் பத்துக் காசு என்றார். குடை பாரமா என்று பெரியதனக்காரரிடம் முறையிட்டேன். அவர் மழைச் சாரலில் என்னை நிற்கவைத்து யோசித்துச் சொன்னார்: “விரிச்சிருந்தா உங்களுக்கு அது தொப்பி மாதிரி. மடக்கி வச்சிருந்தா பாரம்.” அதன் பிறகு நல்ல வெயிலிலும் குடையை விரித்துக்கொண்டே எல்லையைத் தாண்டினேன். ஆனாலும் பரீட்சைத் தாள், ஸ்லேட்டுக் கட்டு, மருந்துப் பொட்டலம் என்று பாரத்தோடு நுழைந்த நாட்களும் இருந்தன.

மரத்தடியில் நான் காலைக் கண்ணாடியில் பார்ப்பது ஊருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. விறகு சுமந்து வருபவர்கள் கட்டை இறக்கிவைத்து நின்று பார்ப்பார்கள். “இன்னிக்கு எப்படி சார் இருக்கு?” “பத்தும் இருக்கா சார்?” என்பார்கள். பத்தும் இருந்தது.

1964-இல் பள்ளி ஆய்வாளர் வந்தார். அவர் தன் ஷூக்களை மரத்தடியில் கழற்றிவிட்டு, கூழாங்கல்லில் தாண்டித் தாண்டி நடந்து வந்தார். என் காலைப் பார்த்ததும் முகம் மாறியது. “உள்ளூர் வழக்கத்தை மதிக்காத ஆசிரியர்” என்று எழுதப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டால் நோயைச் சொல்ல வேண்டும், அதோடு வேலை முடிந்தது. பெரியதனக்காரர் குறுக்கே வந்தார்.

“அது செருப்பு இல்லீங்க. லாடம்.”

“என்னது?”

“லாடங்க. எல்லைக்காசு கட்டித்தான் போட்டிருக்காரு.”

ஆய்வாளர் என்னைப் பார்த்தார், பெரியதனக்காரரைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அந்த ஊரிலிருந்து வெரசாகப் போய்விட வேண்டும் என்று அவர் முடிவு செய்தது நன்றாகத் தெரிந்தது. அறிக்கையில் மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது என்று மட்டும் எழுதியிருந்தார். கூரை ஒழுகவில்லை.

1965 பிப்ரவரியில் டாக்டரே வந்தார். மலைப்பாதையில் தன் ரப்பர் எப்படி நிற்கிறது என்று நேரில் பார்க்க ஆசை. மரத்தடியில் கான்வாஸ் ஷூவைக் கழற்றச் சொன்னோம். அப்போது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. இருபதாவது தப்படியில் ஒரு முள். “அம்மா!” என்று கத்திக்கொண்டு ஒரு காலைத் தூக்கியபடி கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ‘அம்மா’வைக் கேட்டு எனக்கு எத்தனை பொறாமை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் இடது காலுக்கு அப்படிக் கத்த எவ்வளவு நாளாயிற்று! அன்று அந்தத் தெருவில் பாதம் நோகாமல் நடந்தவர்கள் நானும் குதிரையும்தான். “உங்களுக்கும் ஒரு லாடம் போட்ருவோமா சார்?” என்று குதிரைக்காரர் அக்கறையோடு கேட்டார்.

டாக்டர் நொண்டிக்கொண்டே திரும்பவும் என்னோடு எல்லைக்கு வெளியே வந்தார். முடிச்சை அவிழ்த்துக் காலைக் காட்டினேன். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். புதுப் புண் ஒன்றுகூட இல்லை. பதினாறு மாதம்! ரப்பரின் தடிமனைக் கருவி வைத்து அளந்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுத்தமான காலைத் தன் நோயாளிகளில் பார்த்ததில்லை என்றார். தாளை எடுத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுறீங்க மாஸ்டர்?”

“இருபத்து மூன்று மணி இருபது நிமிடம்.”

பேனா நின்றது. “தூங்கறப்ப?”

“போட்டுக்கொண்டுதான்.”

காரணத்தைச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

“சாரி மாஸ்டர். உங்களை டேபிள்ல சேர்க்க முடியாது. அதிகபட்சம் பதினாறு மணி நேரம்தான் வச்சிருக்கோம். உங்களை மாதிரி உலகத்துல யாரும் போடமாட்டாங்க. ரிசல்ட்டே கெட்டுப்போயிடும்.”

“கால் நன்றாக இருக்கிறதே?”

“அதான் பிரச்சினை. ரொம்ப நல்லா இருக்கு.”

அவரோடு நான் அரை மணி நேரம் வாதாடினேன். வேறு யார் கணக்கில் விடுபட்டாலும் பொறுத்துக்கொள்வேன். சூடத்தை எண்ணி, கோயிலை எண்ணி, தினமும் விரலை எண்ணுகிற என்னை எண்ணாமல் விட்டால் எப்படி? அவர் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டு, அடுத்த ஜோடிச் செருப்பைக் கொடுத்துவிட்டு, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். அந்த ஆராய்ச்சி அச்சாகி வந்ததாகப் பிறகு சொன்னார். அதில் நான் இல்லை. மற்ற நோயாளிகள் செருப்பை வாங்கிப்போய் வீட்டில் மாட்டிவைத்துவிடுகிறார்கள் என்றும், இதைப் போட்டால் நோய் இன்னதென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறார்கள் என்றும், அதற்கு வழி கண்டுபிடிக்க இன்னொரு ஆராய்ச்சி நடப்பதாகவும் சொன்னார். எங்கள் பெரியதனக்காரரைக் கேட்டிருக்கலாம்.

1967 மே மாதம் எனக்குக் கன்னிவாடிப் பக்கம் மாற்றலாயிற்று. நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லி, மாத்திரையை அதற்கு முந்தைய வருடமே நிறுத்தியாயிற்று. கிளம்பும் நாள் காலையில் சாமான்களும் மனைவியும் முன்னால் போக, நான் கடைசியாக எல்லைக்கு வந்தேன். ஊரே வந்திருந்தது. குதிரைக்காரர் மண்டியிட்டு அமர்ந்து, முடிச்சை அவிழ்க்காமல் கத்தியால் அறுத்தார். இனி அது தேவைப்படாதே. சணல் துண்டுகளை நாவல் மரத்தடியில் போட்டார்.

“போறதுக்குக் காசு இல்ல சார்” என்றார் பெரியதனக்காரர். அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது என்று நினைக்கிறேன். பனியாகவும் இருக்கலாம்.

பத்தடி நடந்திருப்பேன். குடை! வீட்டு மூலையில் குடை.

திரும்பி வந்தேன். எல்லைக் கல்லுக்கு முன்னால் காலைத் தூக்கியவன் நின்றேன். எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். முடிச்சு இல்லை. முடிச்சு இல்லாவிட்டால் அது லாடம் இல்லை, செருப்பு. கழற்றிவிட்டு வெறுங்காலோடு போவதென்றால் தெரு முழுக்கக் கூழாங்கல்லும் முள்ளும். மூன்று வருடம் ஏழு மாதம் காப்பாற்றிய காலை ஒரு குடைக்காகவா விடுவது? யாரையாவது அனுப்பி எடுத்துவரச் சொல்லலாம் என்பது இப்போது தோன்றுகிறது. அன்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் எல்லாரும் சட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி, ஏறுங்க சார்” என்றார் குதிரைக்காரர்.

செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டுக் குதிரைமேல் ஏறினேன். இத்தனை வருடம் குதிரையாக நுழைந்த ஊருக்குள் கடைசியாகப் பாரமாக நுழைந்தேன். இருபத்து மூன்று கோயில்களையும் குதிரை முதுகின் உயரத்திலிருந்து பார்த்தேன். வீட்டு வாசலில் குதிரைக்காரர் உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து கொடுத்தார். திரும்பும்போது அதை விரித்துக்கொண்டேன். மழை இல்லை, பழக்கம்தான்.

எல்லைக் கல்லில் அவர் கையை நீட்டினார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கை நீண்டிருந்தது.

“உள்ள வந்ததுக்குப் பாரம்தான் கட்டணும் சார்.”

கட்டினேன். குதிரையிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கன்னிவாடியில் எல்லார் காலிலும் செருப்பு இருந்தது, யாரும் யார் காலையும் பார்க்கவில்லை. இப்போது எனக்கு எண்பத்தேழு வயது. கண் மங்கல், காது மந்தம், மாடிப்படி ஆகாது. மாலையில் காலை ஊறவைத்துக் கண்ணாடியில் பார்க்கிறேன். பத்தும் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த முடிவு எந்த அட்டவணையிலும் இல்லை, ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன். வெறுமனே நுழைந்தது ஆயிரத்து நூற்று இருபத்தொரு முறை, ஐம்பத்தாறு ரூபாய் ஐந்து காசு. பாரத்தோடு நுழைந்தது எண்பத்து மூன்று முறை, எட்டு ரூபாய் முப்பது காசு. மாக்கட்டோடு வந்த முதல் சவாரியும் குடைக்காகப் போன கடைசிச் சவாரியும் சேர்ந்து இருபது காசு. ஆகமொத்தம், முழங்காலுக்கு நான்கு விரல் கீழிருந்து பெருவிரல் வரைக்கும், அறுபத்து நான்கு ரூபாய் ஐம்பத்தைந்து காசு.